சுறாவின் வாயில் ஒரு வால்

சாரத்தில் ஏறி, சுவரில் கரித்துண்டை வைக்கப் போன நேரத்தில்தான் வால்புர்காவுக்கு அந்த விசில் கேட்டது. மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு விசில். பல வருடம் ஒரே வீட்டில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சத்தம். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஓட்மார், நீ இங்க என்ன பண்றே?"

"சுறா வரைய வந்திருக்கேன். நீ?"

"டைனோசர்."

"அட கடவுளே! இந்தச் சுவர்லயா?"

"இந்தச் சுவர்லதான்."

கீழே நின்றிருந்த டாக்டர் ஹெட்விக் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆல்ட்மூல் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு அவர்தான் இயக்குநர். புதுக்கூடத்தின் நீளச் சுவர் முழுக்க ஒரே ஓவியம் வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இதே இடத்தில் கிடந்த தீவும் காயலும், அதில் வாழ்ந்த பிராணிகளும் அப்படியே கண்முன் வரவேண்டும். நிலத்து விலங்குகளுக்கு நாட்டிலேயே நல்ல கை யாருடையது என்று விசாரித்தார், வால்புர்காவின் பெயர் வந்தது. கடலுக்கு விசாரித்தார், ஓட்மாரின் பெயர் வந்தது. இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். குடும்பப் பெயர் வேறு வேறு என்பதால், இவர்கள் ஒருகாலத்தில் புருஷன் பெண்டாட்டி என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று.

விஷயத்தைக் கேட்டதும் அவர் அசரவில்லை. "விவாகரத்து ஆனவங்களா? சரி. சுவர் ஒண்ணுதான் இருக்கு. செப்டம்பர்ல திறப்பு விழா, மேயரைக் கூப்பிட்டாச்சு. சாரத்துல இருந்து ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிடாம இருந்தா எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

வால்புர்கா உடனே இறங்கி, சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நீல டேப் ஒட்டினாள். "இதுக்கு இந்தப் பக்கம் உன் தூரிகை வரக்கூடாது."

ஓட்மார் சும்மா இருப்பானா? இரண்டு ஆள் நீளம் தள்ளி இன்னொரு டேப் ஒட்டினான். "இதைத் தாண்டி என் பக்கம் உன் மூச்சுக்காத்துகூட வரக்கூடாது."

நடுவில் கிடந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் வெள்ளையாக நின்றது. நிலமும் கடலும் சேரும் கரை வரவேண்டிய இடம் அது.

அவர்கள் பிரிந்ததே இப்படி ஒரு எல்லைத் தகராறில்தான். வால்புர்கா அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, பாதி முடித்து வைத்திருந்த அவளுடைய படத்தில் புதிதாக ஓர் அலை இருந்தது. அவள் போட்ட அலை சப்பென்று இருந்தது என்று ஓட்மார் அதை அழித்துவிட்டு வேறு போட்டிருந்தான். அதற்கு முன்னாலும் ஆயிரம் சண்டை வந்ததுண்டு. ஆனால் அந்த அலையைப் பார்த்த அன்றுதான் அவள் பெட்டியைக் கட்டினாள்.

வேலை தொடங்கியது. வால்புர்காவின் பக்கத்தில் வெயிலில் காய்ந்த ஒரு தீவு எழுந்தது. அங்கே பெரிய மரங்கள் கிடையாது, இடுப்புயரப் புதர்கள்தான். இங்கே கிடைத்த டைனோசர்களும் மலை மாதிரி பெரியவை இல்லை, வான்கோழி அளவுதான் இருக்கும், உடம்பெல்லாம் இறகு. ஏழு வரைந்தாள். ஒன்று பல்லியைத் துரத்தியது, ஒன்று பாறைக் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்தது, ஒன்று மூக்கை இறகு மூடிய முன்கைக்குள் செருகிக்கொண்டு தூங்கியது. பல்லைக் காட்டி உறுமுகிற டைனோசர் அவளுக்குப் பிடிக்காது. எந்த மிருகமும் நாளில் முக்கால்வாசி நேரம் சும்மாதான் இருக்கும் என்பாள். ஏழுக்கும் மண்ணின் நிறத்திலேயே பச்சையும் பழுப்பும் கலந்து உடம்பு கொடுத்தாள்.

ஓட்மாரின் பக்கத்தில் காயல் பெருகியது. அடியில் வெளுத்த சேறு, நடுவில் கண்ணாடிக் கிண்ணங்கள் மாதிரி ஜெல்லி மீன்கள், அவற்றின் ஊடே முதுகுத் துடுப்புக்கு முன்னால் கத்தி போல முள் வைத்த சுறாக்கள். தண்ணீருக்குள் வெளிச்சம் உடைகிற விதத்தைப் பிடிப்பதில் அவனுக்கு ஈடு யாரும் இல்லை. வால்புர்காவுக்கு அது தெரியும். தெரிந்தாலும் வாயால் சொல்லமாட்டாள்.

"உன் டைனோசர் ஏழும் மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு" என்பான் அவன்.

"உன் சுறா பல் வலிக்காரன் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு" என்பாள் அவள்.

வேறொரு சிக்கலும் இருந்தது. அவளுடைய தீவில் சூரியன் இடப்பக்கம், அவனுடைய கடலில் வலப்பக்கம். யாரும் மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. "ஒரே சுவர்ல ரெண்டு சூரியனா? ஜனங்க என்னைக் கேப்பாங்களே" என்று ஹெட்விக் தலையில் கைவைத்தார்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் கிலியானின் பட்டறை. முன்பு பல்செட் செய்துகொண்டிருந்தவர், இப்போது கல்லுக்குள் கிடக்கும் ஃபாசில்களை ஊசியாலும் சின்ன உளியாலும் சுரண்டி எடுக்கிறார். பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்த ஒரு சுறா அவருடைய மேஜையில் கிடந்தது. ஆள் நீளத்துக்குப் பெரிய பலகைக்கல். வாலில் தொடங்கி முதுகு, துடுப்பு என்று தலையை நோக்கி மெதுவாக முன்னேறிக்கொண்டிருந்தார். ஓட்மார் தினமும் காப்பிக் கோப்பையோடு அங்கே போய் நிற்பான். புதிதாக ஒரு துடுப்பு வெளிப்பட்டால் ஓடிவந்து தன் சுறாவைத் திருத்துவான்.

ஆகஸ்ட் மத்தியில், ஒரு காலை நேரம், பின்கட்டிலிருந்து கிலியானின் குரல் கேட்டது.

"ஓட்மார், சீக்கிரம் வாங்க! உங்க சுறாவுக்கு மீசை முளைச்சிருக்கு!"

ஓட்மார் சாரத்திலிருந்து குதித்து ஓடினான். போனவன் திரும்பி வரவில்லை. விசிலும் நின்றுவிட்டது. வால்புர்கா கொஞ்ச நேரம் வேலையில் கவனமாக இருப்பதுபோல நடித்தாள். பிறகு பொறுக்க முடியாமல், தூரிகையைக் கொண்டையில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

கல்லில் சுறாவின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து மெல்லிய கோடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏதோ மீனை முழுங்கியிருக்கு. துடுப்பு வெளியே நிக்குது" என்றான் ஓட்மார்.

"மீன் முள்ளு இப்படி இருக்காதே" என்றார் கிலியான். "லைட்டை அணைங்க. யூ.வி. போட்டுப் பாப்போம்."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைக் கொண்டுவந்தார். கல் நீலமாக மங்கியது, எலும்புகள் மட்டும் மஞ்சளாகப் பற்றி எரிந்தன. சுறாவின் தாடைகளுக்கு நடுவிலிருந்து சின்னச் சின்ன முள்ளெலும்புகள் மணிமாலை மாதிரி வரிசையாக வெளியே வந்து, மெல்ல வளைந்து, நுனியில் ஊசியாக மெலிந்தன. இரண்டு பக்கமும் புகை போல இழைகள்.

வால்புர்கா மேஜையை நெருங்கினாள். இந்த வளைவை அவள் எத்தனை தடவை வரைந்திருக்கிறாள்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவாள். "ஓட்மார், அது மீன் இல்ல. வால். என்னோட வால்!"

"உனக்கு ஏது வால்?"

"டைனோசர் வால், மடையா! உன் சுறா என் டைனோசரைத் தின்னிருக்கு!"

கிலியான் விளக்கை மேஜையில் வைத்துவிட்டார். ஓட்மார் ஓடிப்போய் ஹெட்விக்கைக் கையோடு இழுத்துவந்தான். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கல்லில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கடைசியில் நிமிர்ந்தபோது முகம் சிறுபிள்ளை முகமாக இருந்தது.

"கதவைச் சாத்துங்க. யாரும் போன் பண்ணாதீங்க. கிலியான், நீங்க சாப்பிட்டாச்சா? சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்க. இனிமே வேற வேலை கிடையாது."

அதன் பிறகு யாருக்கும் சுவரில் கை ஓடவில்லை. மூன்று பேரும் கிலியானின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் உயிரை எடுத்தார்கள். "பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்காதீங்க" என்று அவர் சத்தம்போட்டும் கேட்கவில்லை. தொண்டைப் பகுதியில் கல் விலக விலக, மடங்கிய இரண்டு கால்கள் தெரிந்தன. அப்புறம் விலா எலும்பு, கடைசியாகத் தலை. டைனோசர் தலைகீழாக, தலை முதலில் போக விழுங்கப்பட்டிருந்தது.

"இது யாரோட ஃபாசில்னு எழுதப்போறீங்க டாக்டர்? வெளியே இருக்கிறது சுறா. அப்போ சுறா ஃபாசில்தானே?" என்றான் ஓட்மார்.

"உள்ள இருக்கிறதைப் பாக்கத்தானே ஊரே வரப்போகுது? அப்போ டைனோசர் ஃபாசில்" என்றாள் வால்புர்கா.

ஹெட்விக் இருவரையும் கண்டுகொள்ளாமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூட்டு எதுவும் கழண்டு போகலை, பாருங்க. அழுகின பொணம் இல்ல. உயிரோட பிடிச்சுதோ, அப்பத்தான் மூழ்கிச் செத்து மிதந்துச்சோ, அதை இந்தக் கல் சொல்லாது. ஆனா இங்க பாருங்க. இந்த முழங்கால் ரெண்டும் விரிஞ்சு செவுளுக்கு உள்ளே குத்திக்கிட்டு நிக்குது. வயித்துக்கு எதுவும் போகவே இல்ல. முழுங்கவும் முடியாம, துப்பவும் முடியாம, மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"யாரு, டைனோசரா?" என்றான் ஓட்மார் அப்பாவியாக.

"சுறா."

வால்புர்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நனைஞ்ச கோழின்னு சொன்னியே! அந்தக் கோழிதான் உன் சுறா ராஜாவோட கதையை முடிச்சிருக்கு!"

ஓட்மார் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பார்த்தான். அது நிற்கவில்லை. அவனும் வெடித்துச் சிரித்தான்.

அடுத்த குண்டு நுண்ணோக்கியிலிருந்து வந்தது. வாலின் இறகு இழைகளில் இருண்ட பட்டையும் வெளிறிய பட்டையும் மாறி மாறி இருந்தன. இருண்ட பட்டைகளில் நிறமித் துகள்கள் அப்படியே படிந்து கிடந்தன. செம்பழுப்பு நிறமாக இருந்திருக்க வேண்டும் என்றார் ஹெட்விக். தணிந்த குரலில், "வால்புர்கா, உங்களோட ஏழு வாலும் தப்பு" என்றார்.

அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்திருப்பார். வால்புர்கா அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்க ஓடினாள். எத்தனை வருடமாக ஊகத்திலேயே வண்ணம் குழைத்திருக்கிறாள்! இந்தப் பிராணியின் நிறத்தை முதன்முதலில் தீட்டப்போகிற கை அவளுடையது. செம்பழுப்பும் வெள்ளையும், செம்பழுப்பும் வெள்ளையும். வாய்விட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது.

ஹெட்விக் பின்னாலேயே வந்து, இரண்டு டேப்புகளுக்கும் நடுவில் வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினார். "இங்க வரணும். அந்தச் சுறா, அந்த வால், அந்த நிமிஷம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் போடணும். முடியுமா?"

திறப்பு விழாவுக்கு அதிக நாள் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு சூரியன் இருக்கே" என்றான் ஓட்மார்.

"நடுவுல புயல் மேகம் வரட்டும். ரெண்டு பக்கத்து வெயிலும் அதுல செத்துடும்" என்றாள் வால்புர்கா.

"அடி சக்கை! நல்ல யோசனை."

"எனக்குத் தெரியும்."

ஆனால் மூச்சு முட்டுகிற சுறாவின் உடம்பு எப்படி வளையும்? அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஓட்மார் போட்ட மாதிரிப்படம் ஒவ்வொன்றையும் அவள் தள்ளினாள். "இது சந்தோஷமா நீந்துது." "இது கொட்டாவி விடுது." "இது தேவாலயத்துல பாட்டுப் பாடுது."

"அப்போ நீயே பாத்துச் சொல்லு!" என்று அவன் கத்தினான். கிலியானின் பட்டறையில் தூசு தட்டுகிற இறகுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக ஆற்றுக்கு நடந்தான். அவள் ஓவியப் பலகையோடு பின்னால் ஓடினாள்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஓட்மார் சட்டை கால்சட்டையோடு ஆற்றில் இறங்கி, துடைப்பத்தின் காம்பை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் மல்லாந்தும் குப்புறவும் புரண்டான். வாயிலிருந்து இறகுகள் ஆடின. கரையில் உட்கார்ந்து வால்புர்கா மளமளவென்று கோடு இழுத்தாள். "தோளைத் தூக்கு! வாலை அடி! வாலை அடிடா!"

கனூ படகில் வந்த ஒரு சுற்றுலாத் தம்பதி துடுப்பை நிறுத்தினார்கள். "அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று அந்தம்மா கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கார். டைனோசரை முழுங்கிட்டுச் சாகற சுறாவா நடிக்கிறார்."

"ஓ" என்றார் அந்தம்மா. படகு வந்ததைவிட வேகமாகப் போயிற்று.

அதைப் பார்த்து ஓட்மாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் இறகோடு சிரித்தால் என்ன ஆகும்? தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டது. நிஜமாகவே மூச்சு அடைத்தது. உடம்பு வில் மாதிரி பின்பக்கம் வளைந்தது, கழுத்து விறைத்தது, கண் பிதுங்கியது. வால்புர்கா பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுச் செருப்போடு தண்ணீரில் பாய்ந்தாள். அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. அவன் எழுந்து நின்று லொக்கு லொக்கென்று இருமி, ஓர் இறகைத் துப்பினான்.

"உயிரோட இருக்கியா?" அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இருக்கேன்..."

"அப்போ இன்னொரு தடவை இருமு. பின்னால வளைஞ்சியே, அதேதான் வேணும். அப்படியே நில்லு, பலகையை எடுத்துட்டு வரேன்!"

"கொலைகாரி" என்றான் ஓட்மார். ஆனால் வளைந்து காட்டினான்.

அந்த வளைவுதான் சுவருக்கு வந்தது. கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் சுறா பின்பக்கமாக வளைந்து பாதி உடம்பு வெளியே எழுகிறது. செவுள்கள் விரிந்து சிவந்திருக்கின்றன. மேலே கருநீல மேகம். வாயிலிருந்து செம்பழுப்பும் வெள்ளையுமாக அந்த வால் கொடி போல நீட்டி நிற்கிறது. ஓட்மார் உடம்பைப் போட்டான், வால்புர்கா வாலைப் போட்டாள். பேச்சுக் குறைந்தது. "அந்த வெள்ளையைக் கொடு." "கொஞ்சம் தள்ளு." "இந்த நிழல் போதுமா?" "போதும்." மத்தியானத்தில் சாரத்தின் மேலேயே உட்கார்ந்து ப்ரெட்சல் ரொட்டியும் கிலியானின் மனைவி கொடுத்தனுப்பிய ப்ளம் கேக்கும் தின்றார்கள்.

நடுப்பகுதி முடிந்தபோது, ஏழு வால்களும் இன்னும் பழைய மண் நிறத்திலேயே இருந்தன. மிச்சமிருந்த நாட்களில் ஒருத்தியால் முடிகிற காரியம் இல்லை. வால்புர்கா ஏழையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து நீல டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, சரசரவென்று மேலிருந்து கீழ்வரை உரித்தாள்.

"இந்தப் பக்கம் வா. மூணு வால் உனக்கு."

ஓட்மார் தூரிகையை இறக்கினான். "நிஜமாத்தான் சொல்றியா?"

"நான் மனசு மாறுறதுக்குள்ள வா."

அவன் வந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் முதல் பட்டையை இழுத்தான். இழுத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே சொன்னான். "அந்த அலை..."

"அலை சரியாத்தான் இருந்துச்சு. என்னோடதைவிட நல்லா இருந்துச்சு. நீ கேக்கலை, அதுதான் தப்பு."

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சாரம் ஆடியது. பட்டறையிலிருந்து கிலியான் எட்டிப் பார்த்து, கீழே விழப்போகிறார்கள் என்று பயந்துபோய்க் கத்தினார்.

திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டு வந்தது. குவாரித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள், தீயணைப்புப் படையின் இசைக்குழு வந்தது, ம்யூனிக்கிலிருந்து நிருபர்கள் வந்தார்கள். வாசலில் பீரும் சுட்ட சாசேஜும் மணத்தன. கூடத்தின் நடுவே கண்ணாடிக்குள் அந்தக் கல் கிடந்தது, சுவரை ஒரு பெரிய திரை மறைத்திருந்தது. மேயர் பேச எழுந்தார். அந்த நேரத்தில் வால்புர்கா ஓட்மாரின் கையைக் கிள்ளினாள்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இல்லியே. நீ போட்டேன்னு நெனச்சேன்."

விழாவுக்கென்று கட்டியிருந்த பச்சைப் பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, அவள் திரைக்குப் பின்னால் நழுவினாள். மேயர் மாவட்டத்தின் பெருமையைப் பேசி முடிப்பதற்குள், வலது மூலையில், சேற்றுக்கு மேலே, கறுப்பு வண்ணத்தில் இரண்டு பெயரையும் எழுதிவிட்டாள். வால்புர்கா, ஓட்மார்.

திரை விலகியது. எங்கிருந்தோ ஒரு "ஆ!" எழுந்தது, அது கூடம் முழுக்கப் பரவியது, கைதட்டலில் ஜன்னல்கள் அதிர்ந்தன. குவாரிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, "இதையா நாங்க தினமும் உடைச்சுக்கிட்டு இருக்கோம்!" என்றார். பிள்ளைகள் கல்லுக்கும் சுவருக்கும் இடையே ஓடி ஓடி வாலைத் தேடினார்கள். வால்புர்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்தில் ஓட்மார் தன்னை மறந்து விசிலடித்துக்கொண்டிருந்தான். அதில் இன்று ஒரு மெட்டு இருந்ததாகக்கூட அவளுக்குத் தோன்றியது.

நிருபர்கள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மேயர் சுவரோரம் போய், நல்ல தோரணையாக, முதுகைச் சாய்த்து நின்றார், சரியாக வலது மூலையில்.

"ஐயோ, ஈரம்!" என்று வால்புர்கா கத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. மேயர் திரும்பியபோது, அவருடைய வெளிர்சாம்பல் கோட்டின் முதுகில் இரண்டு பெயரும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப் பதிந்திருந்தன. இசைக்குழுக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நல்ல மனுஷர், மேயரும் கோட்டைக் கழற்றிப் பார்த்து, "இதையும் கண்ணாடிப் பெட்டியில வச்சிடுங்க, டாக்டரம்மா" என்றார்.

சுவரில் கறுப்பு ஈஷியிருந்தது. ஓட்மார் ஈரத்துணியால் அதைத் துடைத்தான். பிறகு வால்புர்காவின் பக்கம் கையை நீட்டினான்.

"இந்தத் தடவை நான் எழுதட்டுமா?"

அவள் தூரிகையைக் கொடுத்தாள். அவன் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பொறுமையாக எழுதினான். ஓட்மார், வால்புர்கா. எழுதிவிட்டு, ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான்.

"கோணலா இருக்கு" என்றாள் அவள். "ஆனா இருக்கட்டும். வா, சாசேஜ் தீர்ந்துடப்போகுது."